பத்மநாபபுரத்துத் தாய்வீடு

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



சொற்பொழிவு என்னும் பெருஞ்சொல்லுக்கு எமது பேச்சு தகுதியுடையதன்று. யாம் பத்தாம் வகுப்புடன் படிப்பை முடித்துக்கொண்டு இரயில்வேயில் எழுத்தராகச் சேர்ந்தோம். நாள் முழுவதும் மூட்டைகளின் எடையையும், அவை சேரவேண்டிய ஊரையும் எழுதிக்கொண்டிருக்கும் கை இது. ஆதலின் இலக்கிய நயத்தை எதிர்பார்த்து வந்தவர்கள், எமக்குப் பின் பேசவிருக்கும் புலவர் அவர்கள் எழும்வரை பொறுத்தருள வேண்டுகிறோம். யாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஒரு வீடு; அவ்வளவே.

சென்ற நவராத்திரியின்போது எம் இளைய மகளை அழைத்துக்கொண்டு கிழக்குக் கோட்டைக்குச் சென்றிருந்தோம். அங்கே நவராத்திரி மண்டபத்தில் சரஸ்வதி தேவியை வணங்கிவிட்டு, ஆரியசாலைக்கு வந்து வேளிமலைக் குமாரசுவாமியைக் கண்டு, செந்திட்டைக்குச் சென்று சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையையும் தொழுது திரும்பினோம். இம்மூவரும் ஆண்டுதோறும் எல்லை கடந்து நம் நகருக்கு எழுந்தருளுவதை நீங்கள் அறிவீர்கள். வழியில் அவள் கேட்டாள்: "அப்பா, சாமிகள் மூவரும் வெளியூரிலிருந்து வந்திருப்பதாகச் சொல்கிறீர்களே, அப்படியானால் அவர்களும் நம்மைப் போலத்தானா? விடுமுறைக்குச் சொந்த ஊருக்குப் போவார்களா?"

"போவார்கள் மகளே, சரஸ்வதியின் வீடு பத்மநாபபுரத்தில் இருக்கிறது" என்றோம்.

"அந்த வீடு இன்னும் இருக்கிறதா? நம் வீடுதான் இல்லையே!"

வினாவின் முற்பகுதிக்குச் சிரித்த யாம், பிற்பகுதிக்கு விடை கூறாமல் பேருந்தில் ஏறினோம். நவராத்திரி முடிந்து சாமிகள் ஊர் திரும்பிய பின், ஒரு ஞாயிற்றுக்கிழமையில் அவளையும் அவள் தாயையும் கூட்டிக்கொண்டு புகைவண்டி ஏறினோம். (திங்கட்கிழமைகளில் அரண்மனைக்கு விடுமுறை, போக நினைப்பவர்கள் இதை மறவாதிருக்க.) இரணியல் நிலையத்தில் இறங்கி, தக்கலைக்குச் சென்று, அங்கிருந்து கோட்டைக்குள் நுழைந்தால் அரண்மனை. நம் நகரிலிருந்து சாலை வழியே ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவு. பணி நிமித்தமாக எத்தனையோ முறை இரணியல் என்னும் பெயரைச் சீட்டில் எழுதியிருக்கிறோம். ஆயினும் அங்கே இறங்கிப் பதினான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. அதன் காரணத்தைப் பின்னர்ச் சொல்கிறோம்.

அரண்மனை என்று அழைக்கப்பட்டாலும், அதனை ஒரு பெரிய குடும்பத்தின் பழைய வீடு என்று கூறுவதே பொருந்தும் என்பது எம் எண்ணம். மைசூரையோ மதுரை நாயக்கர் மகாலையோ கண்டவர்கள் இங்கே வந்தால் முதலில் ஏமாற்றமடைவார்கள். வானளாவிய தூண்கள் இல்லை. பொன் பூச்சும் இல்லை. சரிந்த ஓட்டுக் கூரை, மரச்சட்டங்கள், குனிந்து நுழையும் வாயில்கள், முற்றங்கள், அடுக்களை, கிணறு, குளம். நம் பாட்டன் வீட்டையே நூறு மடங்கு பெருக்கினாற்போல் இருக்கிறது. ஏறத்தாழ ஆறரை ஏக்கர் நிலத்தில், ஒரே காலத்தில் திட்டமிட்டுக் கட்டப்படாமல், தலைமுறைக்குத் தலைமுறை தேவைக்கேற்பச் சேர்த்துச் சேர்த்து வளர்ந்த வீடு அது. குடும்பம் பெருகும்போது கிழக்கே ஓர் அறை, மகள் மணமாகும்போது மேற்கே ஒரு தாழ்வாரம் என்று நம் ஊர் வீடுகள் வளருவதில்லையா? அரசர்களும் அங்ஙனமே செய்திருக்கிறார்கள்.

இவ்வீட்டின் கருவாக இருப்பது தாய்க்கொட்டாரம். மொத்த வளாகத்தில் மிகவும் பழமையானது அதுவே. பதினாறாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பர். நடுவே திறந்த முற்றம், நாற்புறமும் சரிந்திறங்கும் கூரை, முற்றத்தின் மூலைகளில் நான்கு தூண்கள்; மலையாளத்தில் நாலுகெட்டு என்று சொல்லப்படும் அமைப்பு. அதன் ஒரு பகுதியில் ஏகாந்த மண்டபம் என்று ஓர் இடம் உண்டு. அங்கே நிற்கும் ஒற்றைப் பலாமரத் தூணில் செதுக்கப்பட்டிருக்கும் வேலைப்பாட்டைக் காண எம் மகள் கால்மணி நேரம் நின்றாள். அங்கிருந்து சாரோட்டுக் கொட்டாரத்துக்கு ஒரு சுரங்க வழி உண்டென்றும் சொல்வார்கள். பிள்ளைகளுக்குச் சுரங்கம் என்றால் போதும், தூணை மறந்துவிடுவார்கள்.

தாய்க்கொட்டாரம் என்னும் பெயரைச் சற்றே எண்ணிப் பாருங்கள். வேணாட்டு அரச குடும்பம் மருமக்கள் வழியைப் பின்பற்றியது. அரசரின் மகன் அரசனாவதில்லை. அரசரின் உடன்பிறந்தாள் மகனே பட்டத்துக்குரியவன். ஆகவே வீடு தாயின் வழியே இறங்கியது. வீட்டின் மூத்த பகுதியும் தாயின் பெயரையே தாங்கி நிற்கிறது. ஆனால் இந்த வழக்கம் சண்டையின்றி நிலைத்ததென்று எண்ணவேண்டாம். 1729ஆம் ஆண்டில் இராமவர்மர் மறைந்தபோது மருமகனாகிய மார்த்தாண்டவர்மர் பட்டத்துக்கு வந்தார். மறைந்த அரசரின் மக்களான தம்பிமார் தமக்கே உரிமை என்றனர். வீட்டுச் சண்டை நாட்டுச் சண்டையாயிற்று. மார்த்தாண்டவர்மர் பகைவருக்கு அஞ்சி ஊர் ஊராக ஒளிந்து திரிந்ததும், நெய்யாற்றின்கரையில் ஒரு பலாமரப் பொந்து அவருக்கு அடைக்கலம் தந்ததும் இன்றுவரை கதையாகச் சொல்லப்படுகின்றன. சி. வி. இராமன் பிள்ளை 1891ஆம் ஆண்டில் வெளியிட்ட மலையாள நாவல் இந்தப் பூசலைப் பற்றியதே. இறுதியில் தம்பிமார் மாண்டனர், மருமகன் ஆண்டார். அரச குடும்பத்துக்கும் ஏழைக் குடும்பத்துக்கும் சொத்துப் பங்கில் ஒரே குணந்தான்.

அந்த மார்த்தாண்டவர்மரே இவ்வீட்டுக்கு இன்றைய உருவத்தின் பெரும்பகுதியைத் தந்தவர். ஊருக்கு அதுவரை கல்குளம் என்று பெயர். 1741ஆம் ஆண்டில் குளச்சலில் டச்சுக்காரரை வென்றபின், அவர் அரண்மனையைப் புதுப்பித்து, குலதெய்வத்தின் பெயரால் ஊரைப் பத்மநாபபுரம் என்று அழைத்தார். 1750ஆம் ஆண்டில் நாட்டையே பத்மநாபசுவாமிக்கு எழுதிவைத்துத் தாம் அடியவராக நின்று ஆண்டதை நம் நகரத்துப் பிள்ளைகள் பள்ளியிலேயே படித்திருப்பார்கள். குளச்சலில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய், பின்னர்த் திருவிதாங்கூரின் படைத்தலைவராகவே உயர்ந்து, அருகிலுள்ள உதயகிரிக் கோட்டையைச் செப்பனிட்டார். அவருடைய கல்லறையும் அக்கோட்டைக்குள்ளேயே இருக்கிறது. பகைவனாக வந்தவன் அந்த ஊரிலேயே மண்ணாகிப் போனான். வந்தேறிகளாகிய நம்மவர் அங்கே சென்று ஒரு நிமிடம் நிற்பது தகும்.

இனி வீட்டுக்குள் போவோம். முகப்பில் பூமுகம். அதன் மேற்கூரை மரத்தில் தொண்ணூறு பூக்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. ஒன்றைப்போல் மற்றொன்று இல்லை என்கிறார்கள். எம் மனைவி முப்பதுவரை எண்ணிப் பார்த்து, கழுத்து வலியால் ஒப்புக்கொண்டாள். அங்கே தொங்கும் குதிரை விளக்கை எத்திசையில் திருப்பி விட்டாலும் அத்திசையிலேயே நிற்கும். சீன வணிகர்கள் அளித்த இருக்கை ஒன்றும், கருங்கல் கட்டில் ஒன்றும் அங்கு உள்ளன. பூமுகத்தின் மேல்மாடியில் மந்திரசாலை. அமைச்சர்களோடு அரசர் கூடிப் பேசிய இடம். வெளியே வெயில் கொளுத்த, உள்ளே குளிர்ச்சி. சாளரங்களில் வண்ண அபிரகத் தகடுகள். சட்டங்களின் இடைவெளி வழியே காற்று வருகிறது, வெயில் வருவதில்லை. அந்நாட்டுத் தச்சர்கள் மின்விசிறி இல்லாத குறையை மரத்தைக் கொண்டே தீர்த்துவிட்டார்கள்.

தரையைக் காணவேண்டும். கருங்கண்ணாடி போல் மின்னுகிறது. குனிந்தால் முகம் தெரிகிறது. சுண்ணாம்பும், சுட்ட தேங்காய்ச் சிரட்டைக் கரியும், முட்டையின் வெண்கருவும், செடிகளின் சாறும் கலந்து இட்டு மெருகேற்றியது என்று வழிகாட்டுபவர் சொன்னார். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டும் பெய்யும் கல்குளத்து ஈரத்தில் இந்தத் தரை இத்தனை ஆண்டு நிற்கிறது. நம் குடியிருப்புகளில் சென்ற ஆண்டு போட்ட சிமெண்டுத் தரையின் நிலையை நினைத்துக்கொண்டோம். அதைப்பற்றி இம்மேடையில் பேசுவது முறையன்று.

ஊட்டுப்புரையைச் சொல்லாமல் விட்டால் தாய்மார்கள் பொறுக்கமாட்டார்கள். இரண்டு மாடிகள் கொண்ட நீண்ட கூடம். மாடிக்கு ஆயிரம் பேராக இரண்டாயிரம் பேர் அமர்ந்து உண்ணலாம். ஊறுகாய் இட்டுவைத்த சீனப் பரணிகள் எம் மகளின் உயரத்துக்கு நின்றன. தெற்குக் கொட்டாரத்தில் பழைய வீட்டுப் பொருள்களை வைத்திருக்கிறார்கள். அவற்றுள் பல நம் பாட்டிமார் வைத்துப் புழங்கியவையே. அவற்றின் பெயர்களை எம் மகளுக்குச் சொல்லிக்கொண்டே வந்தோம். சிலவற்றின் பெயர் எமக்கே நினைவில்லை.

மணிமாளிகையில் ஒரு கடிகாரம் இருக்கிறது. இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்டதாயினும் இன்றும் ஓடி மணி அடிக்கிறது. கிழக்குக் கோட்டையில் மேத்தன் மணியின் கீழ் நின்று, ஆட்டுக்கடாக்கள் முட்டுவதைக் காணக் காத்திருந்த நம் பிள்ளைகளுக்கு இதன் அருமை தெரியும். இரயில்வேக்காரனாகிய எமக்குக் கடிகாரம் என்றால் ஒரு பற்று. கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். வேறுபாடு எவ்வளவு என்று கேட்காதீர்கள். நம் வண்டிகளைவிட அது நேரம் தவறாதது.

அரசர் உறைந்த உப்பரிகை மாளிகை நான்கு நிலைகள் உடையது. அறுபத்து நான்கு மூலிகை மரங்களால் ஆன கட்டில் ஒன்று அங்கே உண்டு. உச்சி நிலை இறைவனுக்கென்று விடப்பட்டது. சுவர் முழுதும் ஓவியங்கள். அரசர் தமக்கென்று எடுத்துக்கொண்டது அதற்குக் கீழே. வீட்டின் நல்ல அறையைத் தெய்வத்துக்கு விட்டு, தாம் மற்றதில் படுத்துக்கொள்ளும் பழக்கம் நம் குடும்பங்களிலும் இருந்ததே.

1993ஆம் ஆண்டில் வெளியான 'மணிச்சித்ரத்தாழ்' என்னும் மலையாளத் திரைப்படத்தின் சில பகுதிகள் இவ்வரண்மனையில் எடுக்கப்பட்டன. வருகிறவர்களுள் பாதிப்பேர் கேட்கும் முதற்கேள்வி "நாகவல்லி ஆடியது எந்த இடம்?" என்பதே. தஞ்சாவூர்த் தமிழ் நடனப் பெண் ஒருத்தியின் ஆவி மலையாள வீட்டில் புகுந்துகொண்டதாகக் கதை. புலம்பெயர்ந்த தமிழரைப் பற்றி இவ்வளவு புகழ் பெற்ற கதை வேறில்லை என்று நம் செயலாளர் அவர்கள் நகைச்சுவையாகக் கூறுவதுண்டு.

இப்படிப்பட்ட வீட்டைவிட்டு அக்குடும்பம் ஏன் போயிற்று? தலைநகர் 1795ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்துக்கு மாறிற்று. தருமராசா எனப்பட்ட கார்த்திகைத் திருநாள் காலம் அது. நாடு வடக்கே வளர்ந்துவிட்டது. குலதெய்வமும் இங்கேயே இருந்தது. பணியிட மாற்றம் என்று கொள்ளலாம். மாற்றம் வந்தால் வீட்டைப் பூட்டிவிட்டுப் பெட்டி படுக்கையோடு கிளம்புகிற துன்பம் நமக்கு மட்டும் உரியதன்று, அரசருக்கும் நேர்ந்திருக்கிறது. ஆனால் அவர்கள் ஒன்றைச் செய்தார்கள். வீட்டைத் தனியே விட்டாலும் வீட்டுத் தெய்வத்தை மறக்கவில்லை. பத்மநாபபுரத்துக் கருங்கல் மண்டபத்தில் நிகழ்ந்துவந்த நவராத்திரி, சுவாதித் திருநாள் காலத்திலிருந்து (அவர் ஆண்டது 1829 முதல் 1846 வரை) நம் நகரில் நிகழ்வதாயிற்று. அந்தச் சரஸ்வதித் திருவுரு கம்பர் வழிபட்டு, பின்னர்ச் சேர மன்னரிடம் ஒப்படைத்தது என்பது வழிவழிச் செய்தி. இன்றும் உப்பரிகை மாளிகையில் அரசரின் உடைவாளை எடுத்துக் கைமாற்றிய பின்னரே ஊர்வலம் புறப்படுகிறது. குழித்துறையில் ஓர் இரவு, களியக்காவிளையில் எல்லை கடந்து நெய்யாற்றின்கரையில் ஓர் இரவு, மூன்றாம் நாள் இங்கே. ஊரைவிட்டு வந்த குடும்பம் ஊரோடு தொடர்பு அறாமலிருக்க ஆண்டுக்கொருமுறை நடந்தே வருகிறது என்று யாம் கொள்கிறோம்.

குடியிருந்தோர் போய்விட்ட வீட்டில் மழைக்கும் கறையானுக்குமே கொண்டாட்டம். இந்த வீடு தப்பியதற்குக் காரணம், 1930களில் சித்திரைத் திருநாள் ஆட்சியில் அதனைப் பழுதுபார்த்து அருங்காட்சியகமாக்கிக் காவலும் போட்டதே.

அடுத்து வந்தது பெரிய பாகப்பிரிவினை. நம் சங்கத்தின் மூத்தவர்களுள் சிலர் அந்தக் காலத்தைத் தந்தையர் வாயிலாகக் கேட்டிருப்பார்கள். தமிழ் பேசும் தென்பகுதி தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று மார்ஷல் நேசமணி முதலியோர் போராடினர். 1954ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் துப்பாக்கிச் சூட்டில் பலர் உயிர் துறந்தனர். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு வட்டங்கள் கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. திருவனந்தபுரத்தில் வேலையாயிருந்த நாஞ்சில் நாட்டார் பலர், இரவு படுத்து எழுந்தபோது வெளிமாநிலத்தாராகிவிட்டனர். எம் பாட்டா அவர்களுள் ஒருவர்.

அரண்மனை என்ன ஆயிற்று? நிலம் கன்னியாகுமரி மாவட்டத்தில். சுற்றிலும் தமிழ்நாட்டு நகராட்சி. ஆனால் வீடு கேரள அரசின் தொல்லியல் துறையின் பொறுப்பிலேயே நின்றுவிட்டது, இன்றும் அங்ஙனமே. கோட்டைச் சுவர் வரையில் தமிழ்நாடு, கதவைத் திறப்பவர் கேரள ஊழியர். இதனைக் குறித்து நம்மவரிடையே இரு கருத்துகள் உண்டு என்பதை அறிவோம். 'நம் மண்ணில் நிற்கும் வீட்டின் திறவுகோல் அவர்களிடம் ஏன்?' என்று கேட்போர் உளர். இளமையில் யாமும் இரயில் பெட்டியில் அமர்ந்து இதை வாதித்தவர்களே. இப்போது அவ்வாறு வாதிப்பதில்லை. யாம் பணியாற்றும் திருவனந்தபுரம் கோட்டமே, 1979ஆம் ஆண்டில் இங்கிருந்து கன்னியாகுமரிக்குப் பாதை திறந்த காலந்தொட்டு, எல்லையின் இருபுறத்தையும் ஒரே பேரேட்டில் எழுதிவருகிறது. தண்டவாளத்துக்கு மாநிலம் தெரியாது. நாங்கள் சென்ற அன்று காலை, மலையாளம் பேசும் ஓர் அம்மாள் தாய்க்கொட்டாரத்து முற்றத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். எம் மகள் தமிழில் வினவ, அவள் தமிழிலேயே விடை சொன்னாள். 2014ஆம் ஆண்டில் உலக மரபுச் சின்னங்களுக்கான இந்தியாவின் உத்தேசப் பட்டியலில் இவ்வீட்டின் பெயர் சேர்ந்தது. அது பெருமைதான். எமக்கோ அந்த விளக்குமாற்றின் ஓசையே பெரிதாகப்பட்டது. ஏனெனில் எம் வீட்டில் அந்த ஓசை நின்றுபோனதை யாம் கேட்டிருக்கிறோம்.

எம் ஆச்சியின் வீடு, அதாவது எங்கள் தாய்வழி வீடு, அதே கோட்டையிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் ஒரு தெருவில் இருந்தது. பத்மநாபபுரம் அரண்மனையோடு அதனை ஒப்பிடுவது மலையோடு மண்மேட்டை ஒப்பிடுவதாகும். எனினும் அமைப்பு அதுவே: தெருத் திண்ணை, தார்சா, நடுமுற்றம், நெல் நிறைந்த பத்தாயம், அரங்கு, அடுக்களை. எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றிலும் மருமக்கள் வழியே இருந்தது. அதனால் மனைவி மக்கள் பட்ட துன்பத்தைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்' என்று நகைச்சுவையோடு பாடியதை அறியாதார் இரார். அவர் நம் நகரத்து மகளிர் கல்லூரியிலும் ஆசிரியராய் இருந்தவர். 1926ஆம் ஆண்டில் வந்த சட்டம் நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே அந்த வழக்கத்துக்கு முடிவு கட்டிற்று. மக்களுக்குப் பங்கு கிடைத்தது நியாயமே. ஆனால் நிலத்தைப் பங்கிடுவதுபோல் வீட்டைப் பங்கிட முடியுமா என்பதை எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

ஆச்சி உயிரோடிருந்தவரை வீடு முழுதாக இருந்தது. விடியுமுன் எழுந்து எல்லாச் சாளரங்களையும் தாமே திறப்பார். விடுமுறைக்குச் செல்லும் எம்மைப் பார்த்து, "கதவைத் தொற மக்களே, பூட்டிப் போட்டா வீட்டுக்கு மூச்சு முட்டும்" என்பார். 1998ஆம் ஆண்டில் ஆச்சி மறைந்தார். தாயாரும் மாமன்மார் மூவருமாக நான்கு பங்கு. பத்திரத்தில் கோடு இழுத்தார்கள். பின் அந்தக் கோட்டின் மேலேயே நடுமுற்றத்தில் சுவர் எழுப்பினார்கள். முற்றத்தில் விழும் மழைநீர் வெளியேற ஒரேயொரு வழிதான் இருந்தது. அது ஒருவர் பங்கில் அகப்பட்டது. அடுத்த மழைக்கு மற்ற மூன்று பங்கிலும் நீர் தேங்கிற்று. தூணின் அடி இற்றது. ஒருவர் ஓடு மாற்றினால் அடுத்தவர் கூரையில் ஒழுகிற்று. யார் செலவு செய்வது என்று பேசிப் பேசி, ஒருவரும் செய்யவில்லை. யாம் அப்போது பணியில் புதிதாகச் சேர்ந்திருந்தோம்; விடுப்பு இல்லை என்பதைக் காரணமாகச் சொல்லிக்கொண்டோம். உண்மையில், போனால் பணம் கேட்பார்கள் என்று அஞ்சினோம். இதை இவ்வளவு பேர் முன்னிலையில் சொல்வதற்கு நாணமாகத்தான் இருக்கிறது. ஆண்டுகள் சில செல்ல, வீட்டை இடித்து மரத்தை எடைபோட்டு விற்றார்கள்.

தாயாரின் பங்குக்கு அரங்குக் கதவு வந்தது. அயனி மரம்; இரட்டைக் கதவு; உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். அதை ஏற்றிவிடச் சென்ற நாளில், மூத்த மாமாவுக்கும் எமக்கும் வாய்ச்சண்டை மூண்டது. எம் வாயிலிருந்தும் சொல்லத்தகாத சொற்கள் வந்தன. அவர் கதவைத் தந்தார், திறவுகோலைத் தரவில்லை. யாம் கேட்கவுமில்லை. பதினான்கு ஆண்டுகள் இரணியலில் இறங்காததன் காரணம் இதுவே. கதவு எம் குடியிருப்பில் சுவரோரமாகச் சாய்ந்து நின்றது. வீடு மாறும்போதெல்லாம் அதுவும் மாறிற்று. எந்தக் குவார்ட்டர்ஸ் வாயிலுக்கும் அது பொருந்தவில்லை.

அரண்மனையைப் பார்த்துவிட்டு மாலையில் வெளியே வந்தபோது, எம் மகள், "ஆச்சி வீடு எங்கே இருந்தது என்று காட்டுங்கள்" என்றாள். நடந்து சென்றோம். அவ்விடத்தில் இரண்டு மாடிக் கட்டடம் ஒன்று நிற்கிறது, கீழே கடைகள். தெருவின் திருப்பமும் ஒரு கிணறும் மட்டும் பழையவை. மாமா வீடு அடுத்த தெருவில்தான். தெருமுனை வரை சென்று திரும்பிவிட்டோம்.

நம் சங்கத்தின் நூல்நிலைய அறைக்குக் கதவு போடப்படவில்லை என்று சென்ற பொதுக்குழுவில் பொருளாளர் அவர்கள் தெரிவித்தார்கள். அந்த அயனிக் கதவைத் தர விரும்புகிறோம் என்று எழுதிக் கொடுத்தோம், செயற்குழு இசைந்தது. சென்ற சனிக்கிழமை தச்சர் வந்து அளந்தார். நிலையின் மேற்பகுதியை ஓரடிக்கு மேல் இறக்கவேண்டுமாம். அதன் கூலி எம் பொறுப்பு. ஆறடி உயரமுள்ள நம் செயலாளர் அவர்கள் புத்தகம் எடுக்கும்போதெல்லாம் குனிந்தே உள்ளே வரவேண்டியிருக்கும். இப்போதே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம். பூட்டு பழைய பித்தளைப் பூட்டு, கதவோடேயே இணைந்தது. மாற்றினால் மரம் பிளந்துவிடும் என்கிறார் தச்சர். ஆகவே திறவுகோலைக் கேட்டு மாமாவுக்குக் கடிதம் எழுதியிருக்கிறோம். எங்கள் கதவு எங்கே நிற்கப்போகிறது என்பதையும் எழுதி, திறப்பு விழாவுக்கு வருமாறு அழைத்திருக்கிறோம். கடிதம் போய் ஒன்பது நாள் ஆகிறது. மறுமொழி இன்னும் வரவில்லை.